மத்தியான பஸ்ஸில் வா

நெடுங்கரை, களக்காடு வழி
28-7-96

பிரியமுள்ள அக்கா இசக்கித்தாய்க்கு,

தேன்மொழி எழுதுகிறேன். எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே மழை கொட்டுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் அறைக்குள் தண்ணீர் வந்ததா? கால் வீக்கம் வற்றியதா? நனைந்துகொண்டு இட்லி விற்கப் போகாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

தன் வீட்டுக்கு வந்த உன் கடிதத்தைப் பால்வாடி பிரம்மநாயகி மைனி வழக்கம்போல மாவு டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தாள்.

இங்கே ஒரு கூத்து. பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறதாம். நம் ஊர்த் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு என்று பேச்சு. என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, அந்த நாற்காலிக்காக எத்தனை கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியிருப்பார், உனக்குத் தெரியும். இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் நான் பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தார். "ஏட்டி, நீ நில்லு. நான் நடத்துதேன்" என்றார். "நான் நின்னா நீங்க எப்படி நடத்துவீய?" என்றேன். "கையெழுத்து ஒனக்கு, மத்ததெல்லாம் எனக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அக்கா, அப்புறம் ஆசை வந்துவிட்டது. தெற்குத் தெருவுக்குக் குழாய் இழுக்க வேண்டும், பச்சையாற்றில் பெண்கள் குளிக்கிற துறைக்கு மறைப்புச் சுவர் கட்ட வேண்டும் என்றெல்லாம் பீடி இலை வெட்டும்போதே மனம் ஓடுகிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆடிக் கடைசிச் செவ்வாய் அம்மன் கொடைக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறாய். இந்த வருஷம் வேண்டாம். ஊருக்கு நீ செத்தவள். மகன் மாரிசெல்வம் பம்பாயில் காலராவில் போய்விட்டான் என்று அப்பா மொட்டை போட்டு ஊருக்கே கருமாதிச் சோறு போட்டார். அப்படிச் செய்திராவிட்டால் எனக்குக் கல்யாணமே நடந்திருக்காது என்று அம்மா கண் மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இவருக்கு மட்டும் தாலி கட்டிய பிறகு தெரியும். என்னைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கடைசி பஸ்ஸில் வா. ஊர் முக்கில் இறங்காதே. ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, வாய்க்கால் கரை வழியாகப் பின்வாசலுக்கு வந்துவிடு. அம்மா கிடையாகக் கிடந்தபோது வந்தாயே, அதுபோல. சட்டை வேட்டியில் வந்தால் நல்லது.

கோபித்துக்கொள்ளாதே. ஆபிதா பீவி அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை
தேன்மொழி


தாராவி, பம்பாய்
4-8-96

என் தங்கம் தேன்மொழிக்கு,

தண்ணீர் வாசற்படி வரை வந்து, உள்ளே இருக்கிற கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. கால் வீக்கம் வற்றிவிட்டது, வாய்தான் வற்றவில்லை என்கிறாள் ஆபிதா பீவி. எங்களையெல்லாம் மகள்களாகத் தத்தெடுத்த கிழவி அல்லவா, அவளுக்கு அந்த உரிமை உண்டு. நீயும் பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிடுங்கள். தலைவி ஆகப் போகிறவள் நோஞ்சானாக இருக்கக் கூடாது.

தலைவி தேன்மொழி! மாவாட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். அப்பா இருந்தால் இதற்கு ஒரு மேடை போட்டிருப்பார். மேடைப் பேச்சில் அவருக்கு இருந்த பைத்தியத்தில்தானே உனக்கு இந்தப் பேரே வந்தது. அவரைப் பெற்றவளின் பேரை மூத்த மகளுக்கு வைப்பதுதான் நம் வழக்கம். உனக்கு அதை வைக்காமல் விட்டார். அது வீட்டில் சும்மா கிடந்தது. மூத்த மகள் நான், எடுத்துக்கொண்டேன்.

சட்டை வேட்டியில் வா என்கிறாய். என்னிடம் இரண்டும் கிடையாது. யாரிடமாவது இரவல் வாங்கித்தான் ஆம்பிளையாக வேண்டும். வரவில்லை, விடு. ஆனால் அம்மனுக்கு என் பட்டு வரும். பக்கத்து அறை சுடலைமாடன் லீவில் சாத்தான்குளம் போகிறான். அவனே நம் கோயிலில் கொண்டுவந்து சேர்ப்பான். அரக்குச் சிவப்பு, பெரிய கரை. எனக்குக் கட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது, அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போவாய். என்னைப் போன்றவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் என்ன சொல்வாய்? அதெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்று எழுதாதே. ஓட்டு என்று வந்துவிட்டால் எல்லாவற்றையும் கேட்பார்கள்.

உனக்காக அத்தனை சாமியையும் தொல்லை செய்யும்
அக்கா இசக்கித்தாய்


நெடுங்கரை
16-8-96

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது சுகமாக இரு.

எதற்காக அப்பா பேரை எழுதினாய்?

பட்டைப் பார்த்ததும் பூசாரி மயங்கிப்போய் அப்போதே அம்மனுக்குச் சாத்திவிட்டார். அவ்வளவு அழகு. மத்தியானப் பூசை முடிந்ததும் மைக்கில் உபயக்காரர்கள் பேரை வாசித்தார்கள். "அம்மன் பட்டு உபயம், ஆறுமுகம் மகள் இசக்கித்தாய், பம்பாய்." பெரிய உபயம் என்பதால் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். பொங்கல் பானை முன்னால் நின்ற நான் அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

"ஆறுமுகத்துக்கு ஏதுவே இன்னொரு மவ?" என்று ஒருவர் கேட்டார். "பம்பாயில தொடுப்பு வச்சிருந்திருப்பாம்வே" என்றார் இன்னொருவர். கூட்டமே சிரித்தது. நாங்குநேரிக்கு அப்பால் பஸ் ஏறாத அப்பாவுக்குப் பம்பாயில் தொடுப்பாம். உன் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்திராவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

வடக்குத் தெரு நமச்சிவாயம் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. தன் மனைவியை, அண்ணாச்சி வீட்டு அக்காவை, தலைவர் பதவிக்கு நிறுத்தப் போகிறவர் அவர். அவருடைய மச்சினன் தாராவியில் தோல் கடையில் இருக்கிறான் என்று உனக்குத் தெரியுமா?

பட்டை எடுத்துவிடச் சொன்னார் இவர். சாத்திய பட்டைக் கழற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்று பூசாரி சொல்லிவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை.

தேன்மொழி


தாராவி
23-8-96

தேன்மொழிக்கு,

உன் கோபம் எட்டியது. அதற்காக உன் வயிற்றைக் காயப் போடாதே. எனக்கு ஜலதோஷம் தவிர ஒன்றும் இல்லை.

அந்தக் கோயில் தகப்பன் பேர் இல்லாத உபயத்தை வாங்காது. கொடைக்குக் கொடை அதை மைக்கில் கேட்டு வளர்ந்தவள் நான். சீட்டில் என் பேரை எழுதியதும் கை தானாக அப்பா பேரையும் எழுதிவிட்டது. பிறகுதான் பார்த்தேன். அடிக்கலாம் என்று பேனாவையும் எடுத்தேன். அடிக்க மனம் வரவில்லை.

வேறு யார் பேரை எழுதச் சொல்கிறாய்? அடித்ததும் அவர், துரத்தியதும் அவர், உயிரோடு இருக்கும்போதே கருமாதி வைத்ததும் அவர். அவ்வளவு சிரமப்பட்டு என்னைச் சாகடித்த மனுஷனை நான் எப்படி மறப்பேன்? அதனால் உனக்கு ஒரு நஷ்டம், அதுதான் எனக்கு வலிக்கிறது. பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி கொண்டுவர ஆள் இல்லாதவள் ஆகிவிட்டாய். தெருவில் எல்லா வாசலுக்கும் அண்ணனோ தம்பியோ பானையும் கரும்பும் மஞ்சள்குலையும் சுமந்து வருவான். உன் வாசல் மட்டும் வெறிச்சென்று இருக்கும். வருஷா வருஷம் தை பிறக்கும்போது இங்கே உட்கார்ந்து அதைத்தான் நினைப்பேன்.

சுடலைமாடன் உன்னைத் தூரத்திலிருந்து பார்த்தானாம், என் ஜாடை என்கிறான். அவனும் தாஜ் முகம்மதுவும் ஒரே அறையில், ஒரே அடுப்பில், ஒரே பாயில் வாழ்கிறார்கள். வாடகை பாக்கி வைத்ததில்லை, யாரோடும் சண்டை இல்லை. எனக்குத் தெரிந்த புருஷன் பெண்டாட்டிகளில் பாதிப் பேர் அப்படி இல்லை. அவன் லீவு முழுக்க வீட்டில் பெண் பார்த்தார்களாம். ஓடி வந்துவிட்டான். அவனை என்ன சொல்வது, ஊர் எதையாவது சொல்லட்டும். அவனுக்கும் ஓட்டு இருக்கிறது, அவனுக்கும் பசிக்கிறது.

எங்கள் யாருக்கும் ரேஷன் அட்டை கிடையாது. போன வருஷம் ஆபிதா பீவி நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆம்பிளை வார்டா பொம்பிளை வார்டா என்று அவர்கள் பேசி முடிக்கும்வரை நடைவழியில் கிடந்தாள். நாங்கள் கேட்பது தனிச் சலுகை இல்லை. எல்லாரையும் போல ஒரு கட்டில், ஒரு அட்டை, ஒரு பேர். நீ தலைவி ஆனால் இதைச் சொல்வாயா மாட்டாயா? எனக்கு அது தெரிய வேண்டும்.

உன் பதிலுக்கு வாசலில் நிற்கும்
இசக்கித்தாய்


நெடுங்கரை
9-9-96

மதிப்பிற்குரிய தங்களுக்கு,

தேன்மொழி எழுதிக்கொண்டது. தாங்கள் ஆரோக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் ஆரோக்கியமே.

எனக்குப் பூட்டு சாவி சின்னம் கிடைத்துள்ளது. கோயில் உபயம் சம்பந்தமாக எதிர்த் தரப்பினர் ஊரில் வீண் வதந்தி பரப்பி வருகிறார்கள். ஆகவே, தாங்கள் ஆறுமுகத்தின் வாரிசு அல்ல என்றும், எங்கள் குடும்பத்துக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும், பேரைத் தவறுதலாக எழுதிவிட்டதாகவும் ஒரு கடிதம் கைப்பட எழுதி உடனே அனுப்பி உதவ வேண்டும். அதை ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டினால் காரியம் முடிந்துவிடும். தேர்தல் முடியும்வரை வேறு கடிதம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தேன்மொழி மந்திரமூர்த்தி


தாராவி
16-9-96

மாப்பிள்ளைக்கு,

கடிதம் உங்களுடையது, எழுத்து மட்டும்தான் என் தங்கையுடையது என்பது தெரியாத அளவுக்கு எனக்குப் புத்தி மங்கவில்லை. உங்கள் ஆரோக்கியமும் என் ஆரோக்கியமும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் கேட்டதை எழுத மாட்டேன். அப்பா ஒரு தடவை என்னைக் கொன்றார். இரண்டாம் தடவை என் கையாலேயே சாகச் சொல்கிறீர்கள். முதல் சாவுக்கு ஊர் வயிறாரச் சாப்பிட்டது. இதற்கு நீங்கள் ஒரு நாற்காலியில் உட்காருவீர்கள். எனக்கு என்ன கிடைக்கும்?

வசை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். என் தங்கையைக் கட்டியவர் என்பதால் விடுகிறேன்.

இனி இது உனக்கு, தேன்மொழி. அவர் பக்கத்தில் நின்று படிப்பார், படிக்கட்டும். என்னைத் தெரியாது என்று சொல்லித்தான் ஜெயிக்க வேண்டும் என்றால் உன் வாயால் சொல்லிக்கொள். நான் வந்து மறுக்க மாட்டேன். உன் மேல் கோபப்படவும் மாட்டேன், அழுதுவிட்டு மாவாட்டப் போவேன். ஆனால் எழுதித் தர மாட்டேன். நான் ஆறுமுகத்தின் மகள். அதுதான் எனக்கு இருக்கிற ஒரே சொத்து. அதை ஒரு பஞ்சாயத்துக்கு விற்க மாட்டேன்.

பூட்டு சாவிச் சின்னமாம். நீ பூட்டா, சாவியா?

உன் அக்கா
இசக்கித்தாய்


தாராவி
30-9-96

அடி தேனு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பிரம்மநாயகி மைனிக்குப் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை. எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. இட்லி கல்லாகிறது, வாங்குகிறவர்கள் ஏசுகிறார்கள்.

நமச்சிவாயத்தின் மச்சினன் வந்து தெரு முனையில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனான். யார் என்று கேட்டான். சொன்னேன். ஊர், பேர், தகப்பன் பேர் எல்லாம் சொன்னேன். உனக்கு இடைஞ்சல் வரும் என்று தெரிந்தும் வாய் மாற்றிச் சொல்லவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

இசக்கித்தாய்


நெடுங்கரை
5-10-96

என் அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. வலது உள்ளங்கையில் கொப்புளம். இடது கையால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு ஒரு நோவும் இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் இருந்ததே இல்லை.

உன் மறுப்புக் கடிதத்தை இவர்தான் பிரித்தார். படித்துவிட்டு அடுப்பில் போட்டார். பிரம்மநாயகி மைனியிடம் போய் இனிமேல் இந்த வேலை வேண்டாம் என்று மிரட்டிவிட்டு வந்தார். அதனால்தான் பதில் இல்லை. ஆனால் அவர் அடுப்பில் போடும் முன் நான் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டேன். நீ பூட்டா சாவியா என்று கேட்டிருந்தாயே, அந்த வரி என்னை விடவில்லை. பீடிக்கு நூல் கட்டும்போதெல்லாம் அதுதான்.

நமச்சிவாயம் அண்ணாச்சியின் மச்சினன் அங்கிருந்து எழுதிவிட்டான். போன செவ்வாய்க்கிழமை காலையில் அம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார்கள். "செத்துப் போனாம்னு சொல்லி ஊருக்குக் கருமாதிச் சோறு போட்ட குடும்பம். அவன் அங்கன சேலை கட்டிக்கிட்டுத் திரியுதான். செத்தது நெசம்னா இவுக வீட்டுக்காரி சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். நாங்க அத்தோட விட்டுருதோம்" என்றார் அண்ணாச்சி.

நம் ஊரில் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது, உனக்குத் தெரியும். இவர் என்னை ஓரமாக இழுத்துப் போய்க் குசுகுசுத்தார். "சும்மா அடிச்சுச் சொல்லிருட்டி. பொறவு ஒரு கிடா வெட்டிச் சரி பண்ணிக்கிடுவோம். அம்மன் நம்மளுக்குத் தாயி, கோவிச்சுக்கிட மாட்டா." பொய்ச் சத்தியத்துக்கு ஒரு கிடா. விலை கூடப் பேசி வைத்திருந்தார்.

கூட்டத்தில் இவரும் அண்ணாச்சியும் கத்திக்கொண்டே இருந்தார்கள். தேர்தலில் நிற்பது நாங்கள் இரண்டு பெண்கள், பேசுவது அவர்கள் இரண்டு பேர். அண்ணாச்சி வீட்டு அக்கா ஒரு தூண் ஓரம், நான் ஒரு தூண் ஓரம். நான் அம்மனைப் பார்த்தேன். நீ அனுப்பிய அரக்குப் பட்டில்தான் நின்றாள். அதை உடுத்திக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்து, இதைக் கொடுத்தவள் செத்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு நாக்கு வருமா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா மேல், இவர் மேல், உனக்குப் பின்வாசலை மட்டும் திறந்து வைத்த என் மேலும்தான்.

சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் நேரே போய் நின்றேன். "எங்க அப்பனுக்கு மவன் கிடையாது" என்றேன். இவருக்கு மூச்சு வந்தது. அண்ணாச்சி முகம் சுருங்கியது. "எங்க அப்பனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய. மூத்தவ பேரு இசக்கித்தாய். பம்பாயில இட்லி விக்கா. அம்மன் உடுத்தியிருக்க பட்டு அவ குடுத்தது. எளையவ நான். எங்க வீட்டுல செத்தது எங்க அப்பனும் எங்க அம்மையுந்தான், வேற யாரும் சாகல. இது பொய்யின்னா இவ என்னைக் கேக்கட்டும்." அடித்தேன். சுட்டது. ஆனால் கையை எடுக்கத் தோன்றவில்லை, அழுத்தி வைத்துக்கொண்டேன்.

பிறகு அண்ணாச்சி, "அப்பம் நாளைக்கு நீ தலைவியானா அந்தக் கூட்டத்தையெல்லாம் ஊருக்குள்ள கூட்டியாருவியோ?" என்றார்.

நீ ஆடி மாசம் கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் சொன்னேன். "வந்தா வரட்டும் அண்ணாச்சி. இந்த ஊர்ல பொறந்த எவளுக்கும் எவனுக்கும் ரேஷன் அட்டை உண்டு, ஓட்டு உண்டு, கொழாத்தண்ணி உண்டு, செத்தா சுடுகாட்டுல எடம் உண்டு. ஆணாப் பொறந்து பொண்ணா இருந்தாலும் உண்டு. பொண்ணாப் பொறந்து ஆணா இருந்தாலும் உண்டு" என்றேன்.

பின்னாலிருந்து எவனோ ஒரு விடலை, "ஆம்பளயும் ஆம்பளயும் குடும்பம் நடத்துனா?" என்று கேட்டுச் சிரித்தான். எனக்கு உன் சுடலைமாடன் ஞாபகம் வந்தது. "நடத்தட்டும்லே. பஞ்சாயத்து தெருவுக்கு லைட்டு போடத்தான் இருக்கு, கட்டிலுக்கடியில டார்ச்சு அடிச்சுப் பாக்க இல்ல" என்றேன். பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தார்கள். அத்தனை பேரும் பீடி சுற்றுகிறவர்கள்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர்தான், தம்பி வீட்டில் இருக்கிறார். கூட்டம் கலைந்ததும் என் கையைப் பிடித்து, தன் முந்தானையை நனைத்துச் சுற்றிவிட்டது யார் தெரியுமா? அண்ணாச்சி வீட்டு அக்கா.

இந்த வாரம் ஓட்டு. இவர் ஆட்கள் ஒருத்தரும் கூட வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானே வீடு வீடாகப் போகிறேன். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். சாத்தட்டும், அடுத்த கதவைத் தட்டுகிறேன். கொப்புளம் ஆறும்வரை பீடி சுற்ற முடியாது. அதனால் பொழுது நிறையக் கிடக்கிறது.

நல்ல சாப்பாடு சாப்பிடு. தூங்கு.

உன் தங்கை
ஆறுமுகம் இளைய மகள் தேன்மொழி


தாராவி
12-10-96

என் கண்ணே, என் ராசாத்தி,

நான் சுகமா என்று கேட்காதே. அழுது அழுது மூக்கு வீங்கிக் கிடக்கிறேன். உன் கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தேன். ஆபிதா பீவி எழுந்து நின்றுகொண்டு மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். கட்டிலுக்கடியில் டார்ச்சு வரி வந்ததும் சுடலைமாடன் தாஜ் முகம்மதுவின் முதுகில் ஓங்கி அறைந்தான். அன்றைக்கு விற்க வேண்டிய இட்லியை நாங்களே தின்று தீர்த்தோம்.

கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் போடு. உடைத்துவிடாதே. உன் கையைச் சுட்டுக்கொள்ள வைத்துவிட்டேனே என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், அடி, எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எப்படி எழுதுவேன்? சின்ன வயதில் தெருப்பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கூப்பாடு போடும்போது நீ கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாய். அந்தக் கதவு இன்றைக்குத் திறந்துவிட்டது.

ஜெயித்தாயா? ஜெயித்தாலும் தோற்றாலும் உடனே எழுது.

உன்
அக்கா


நெடுங்கரை
28-10-96

என் அக்கா இசக்கித்தாய்க்கு,

கை ஆறிவிட்டது. தழும்பு மட்டும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் விளையாடுகிறார்கள். உன் மூக்கு வற்றியதா?

தோற்றுவிட்டேன். அண்ணாச்சி வீட்டு அக்காதான் தலைவி. ஆனால் தெற்குத் தெருப் பெட்டியைப் பிரித்தபோது பூட்டு சாவியாகவே விழுந்தது என்று எண்ணியவர்கள் சொன்னார்கள். அம்மன் முன்னால் பொய் சொல்லாதவள் தண்ணீர் விஷயத்திலும் பொய் சொல்ல மாட்டாள் என்று குத்தினார்களாம். இரண்டு நாள் அழுதேன். குழாய்க்காகவும் துறைச் சுவருக்காகவும் அழுதேன். உன்னைச் சொன்னதற்காக அழவில்லை. நாளைக்கே இன்னொரு சூடம் கொளுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

உன் மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார். என்னோடு பேசுவதில்லை. கோபமும் இருக்கிறது, சோறும் வேண்டியிருக்கிறது. நானும் பேசாமல் சோறு போடுகிறேன். நேற்று குழம்பு நன்றாக இருக்கிறது என்று பிள்ளையிடம் சொன்னார். போகப் போகப் பார்ப்போம்.

வாக்காளர் பட்டியலில் உன் பேரைச் சேர்க்க மனு எழுதிவிட்டேன். இசக்கித்தாய், தகப்பனார் ஆறுமுகம், பெண். ஆபீஸில் திருப்பி அனுப்பினால் மறுபடியும் எழுதுவேன். தலைவி ஆகாததால் எனக்கு நேரம் இருக்கிறது. புதுத் தலைவி அக்கா வாய்க்கால் படியில் என்னைப் பார்த்து, "மனுவுல நான் கையெழுத்துப் போடுதேன். அவுகளுக்குத் தெரியாம கொண்டா" என்றாள். "தெரிஞ்சே போடுங்கக்கா" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். தெற்குத் தெருக் குழாய் பற்றியும் கேட்டிருக்கிறேன்.

இனிமேல் கடிதத்தைப் பிரம்மநாயகி மைனி வீட்டுக்குப் போடாதே. என் பேருக்கு, என் வீட்டுக்கே போடு. தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

தை வருகிறது. எனக்குப் பொங்கப்படி வேண்டும். அண்ணன் தம்பிதான் கொண்டுவர வேண்டும் என்பார்கள். எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, அக்காதான் இருக்கிறாள். அவள் கொண்டுவரட்டும். பானை, பச்சரிசி, மஞ்சள்குலை, கரும்பு எல்லாம் களக்காட்டிலேயே வாங்கிக்கொள். ஒன்றும் குறையக் கூடாது.

கடைசி பஸ்ஸில் வராதே. மத்தியான பஸ்ஸில் வா. அப்போதுதான் ஆண்கள் டீக்கடையிலும், பெண்கள் பீடித் தட்டோடு வாசலிலும் இருப்பார்கள். ஊர் முக்கிலேயே இறங்கு. நல்ல பட்டாகக் கட்டிக்கொள். பானையைத் தலையில் வைத்துத் தெரு நெடுக நடந்து வா. யாராவது யார் என்று கேட்டால் நின்று பதில் சொல். அவசரப்படாதே.

பின்வாசலை ஆணி அடித்து மூடிவிட்டேன். முன்வாசலில் நிற்பேன்.

உன் தங்கை
தேன்மொழி